ஆடி முடியாத வீடு

ஜல்லி சுமந்து சுமந்து அமிர்தவல்லிக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷம், செஞ்சி பீரங்கிமேட்டில் அவள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் ஆடி மாதம் முடியாமல் நின்றுவிட்டது. தெருவில் ஆவணி பிறந்தது. வீட்டுக்குள் ஆடிக்காற்றுதான் அடித்தது. அம்மி ஒரு சாண் எழும்பியது. அவள் அதைக் கயிறு போட்டுக் கட்டிவைத்தாள்.

வீட்டுக்காரர் தனசேகரன் எதையும் எழுதிக் கொடுக்கிற ஆள் இல்லை. எல்லாம் மாதாமாதம் வாய்ச்சொல். மாசம் முடிந்தால் வாடகை. மனசு மாறினால், அதே மாசக் கடைசியில் காலி. சுவரில் ஆணி அடித்தால் குற்றம், விருந்தாளி இரண்டாம் நாள் குளித்தால் குற்றம். கூட வாடகை தர ஒரு ஓவர்சியர் கிடைத்ததும் அமிர்தவல்லியை அனுப்பிவிட நினைத்தார். ஆனால் ஆடியில் குடி மாற்றினால் வீட்டுக்கு ஆகாது என்கிற பயம் அவருக்கு எமன் பயத்தைவிடப் பெரிது. அதனால் ஆடி முடிந்த அன்றைக்கே காலி பண்ணு என்று தன் வாயாலேயே சொல்லிவைத்தார். அவளுக்கோ நிமிரவே முடியவில்லை. சட்டி பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வீடு கேட்டு நிற்க உடம்பில் தெம்பில்லை.

ஆவணி முதல் தேதி பூட்டோடு வந்தார். உள்ளே கால் வைத்ததும் வேட்டி முகத்தில் வந்து அறைந்தது.

"இன்னா அமிர்தம், மாசம் முடிஞ்சிது இல்ல?"

"உங்க வூடுதானே அண்ணா. நீங்களே பாருங்க, எங்க முடிஞ்சிது?"

வக்கீலைக் கூட்டிவந்தார். பதினைந்து நாள் நோட்டீஸ் மாசக் கடைசியோடு முடிய வேண்டும், கடைசியே வராத மாசத்துக்கு நோட்டீஸ் செல்லாது என்று சொல்லிவிட்டு, பறந்த காகிதங்களைப் பொறுக்கி, பீஸையும் வாங்கிக்கொண்டு வக்கீல் கிளம்பிவிட்டார். ஓவர்சியர் வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

வருஷங்கள் போயின. தெரு பழகிக்கொண்டது. ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்ற மறந்தவர்கள் தையிலும் மாசியிலும் பானையோடு வந்து அங்கே ஊற்றிவிட்டுப் போனார்கள். துணிக்கடையில் அந்த விலாசத்தைச் சொல்லி அமிர்தவல்லி எந்த மாதமும் தள்ளுபடி வாங்கினாள். இடுப்பு சரியாகி வேலைக்கும் போனாள். கூலி வெளியில் ஒழுங்காகக் கிடைத்தது. பேரூராட்சிக்கும் வருஷம் ஒழுங்காக முடிந்ததால், வீட்டு வரியைத் தனசேகரன்தான் கட்டினார்.

எண்பத்தொன்பதிலும் அவர் வந்து வாடகை கேட்டார். அவள் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

"முடிஞ்சதும் தரேன் அண்ணா. ஓடியா போறேன்?"

அவர் தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டுப் போனார். அந்த ஆடி மாத வாடகை நாற்பது ரூபாயை அமிர்தவல்லி இன்னும் தர வேண்டும்.