ஆறு ஆறுக்கு அடித்த கார்டு

அது மாரத்தானே இல்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் கிளம்பி வடக்குப்பட்டுப் பக்கம் போய்த் திரும்பினால் மொத்தம் பத்து கிலோமீட்டர். பேனரில் மட்டும் ‘மாபெரும் மாரத்தான்’ என்று போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் கம்பெனி அதை வருஷா வருஷம் நடத்தும். விருந்தாளிகள் வந்து நிற்கும்போது ரோடு காலியாகக் கிடக்கக் கூடாதாம். அதனால் டிரெய்னிகளில் முப்பது பேரை ஹெச்.ஆர். மேனேஜர் லிஸ்ட் போடுவார். பெயர் வந்தால் ஓடியே ஆக வேண்டும். 2005-இல் முதல் பெயர் முப்பிடாதி. என் ரூம்மேட். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சங்கரன்கோவிலிலிருந்து என்னோடு பஸ் ஏறி வந்தவன்.

விடிகாலை ஓட்டம் வைத்திருந்த அந்த ஞாயிறு அவனுக்குக் காலை ஆறு மணி ஷிப்டு. ஆறு பத்துக்குள் கேட்டில் கார்டு அடிக்காவிட்டால் ஆப்சென்ட். மாதத்தில் மூன்று ஆப்சென்ட் விழுந்தால் டிரெய்னியை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். காய்ச்சலில் கிடந்ததில் அவனுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது.

சூப்பர்வைசர் ஜீவானந்தத்திடம் போய்ச் சொன்னோம்.

“ஹெச்.ஆர். ஓடச் சொன்னா அது அவங்க பாடு. கார்டு அடிக்காதவன் என் லைன்ல ஆப்சென்ட்தான். போப்பா, வேலைய பாரு.”

ஹெச்.ஆரிடம் போனால், “அது சூப்பர்வைசர் விஷயம்” என்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவுதான். அதைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் போலிருக்கிறது. எரிச்சலாக வந்தது எனக்கு.

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன்.

“ஓடுத வழியிலதானல நம்ம கேட்டு இருக்கு. உள்ள போயி கார்ட அடிச்சிட்டு ஓடு. முடிச்சதும் லைனுக்கு வந்திரு.”

“மாட்டிக்கிட மாட்டனே மாரி?”

“கார்டு அடிக்கிறது ஒரு குத்தமால?” என்றேன். பெரிய மூளைக்காரன் நான்.

எனக்கு அன்று இரண்டாம் ஷிப்டு. கேட்டுக்கு எதிரே தண்ணீர்ப் பந்தலில் நிறுத்தியிருந்தார்கள். முப்பிடாதிதான் முதலில் வந்தான். மணி ஆறு ஆறு. தண்ணீர்கூட வாங்காமல் சடாரென்று கேட்டுக்குள் திரும்பினான். டைம் ஆபீஸ் நடேசன் வாயைப் பிளந்தார்.

“இன்னாப்பா, ஓடிக்கினு கீறவன் இங்க இன்னா பண்றே?”

“கார்டு அண்ணாச்சி.”

அவன் வெளியே வருவதற்குள் மூன்று பேர் முந்திவிட்டார்கள். “ஓடுல” என்று கத்தினேன். அந்த மூன்று பேரையும் பிடித்துத் தாண்டி முதலாவதாக வந்தான். கோப்பையை அவன் கையில் கொடுத்து, தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார் ஹெச்.ஆர். மேனேஜர்.

செவ்வாய்க்கிழமை மெமோ வந்தது. கார்டு அடித்துவிட்டு, கேட் பாஸ் இல்லாமல் வேலையிடத்தை விட்டு வெளியேறியது குற்றமாம். அதில் கையெழுத்துப் போட்டிருந்ததும் அதே மேனேஜர்தான். ஓடச் சொன்னதும் அவர்கள், கார்டு கேட்டதும் அவர்கள். இரண்டையும் செய்தவனுக்கு வேலை போகும் என்றால் இது என்ன நியாயம்?

விசாரணைக்கு ரூம்மேட் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஜீவானந்தம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படிப் பண்ணச் சொல்லி உனக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?” என்று கேட்டார் மேனேஜர்.

அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாகிற கன்பர்மேஷன். முப்பிடாதிக்கு அது தெரியும். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

“யாரும் சொல்லல சார். நானாத்தான் போனேன்.”

“உனக்கு ஏதாவது தெரியுமாப்பா?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியாது சார்” என்றேன்.

வேலை போனதும் அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். பஸ் ஏறும்போதுகூட, “ரூம் சாவி ஜன்னல்ல இருக்கு மாரி” என்றானே தவிர, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வருஷ மாரத்தானுக்குக் கூட்டு ரோட்டில் பேனர் கட்டிவிட்டார்கள். கோப்பையோடு முப்பிடாதி சிரிக்கிறான். மேனேஜரின் கை அவன் தோளில் இருக்கிறது. அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும் என்றுதான் ஒரு வருஷமாக எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன்.

ஆனால் கம்பெனி பஸ்ஸில் பேனர் தெரிகிற பக்கம் நான் உட்காருவதில்லை.