கோலி உருளாத வீடு

எர்மெலிந்தா வாங்கிய மூன்றடுக்கு வீடு, சாயாமல், புதிதாக ஒரு விரிசல்கூட விடாமல், ஆண்டுக்கு இரண்டு படி அளவு நேராக மண்ணுக்குள் இறங்கியது. ஏரியை மூடிக் கட்டிய மெக்சிக்கோ நகரில் வீடு இறங்குவது செய்தியே அல்ல. ஆனால் மற்ற வீடுகள் கோணிக்கொண்டு இறங்கும். இது நல்ல பிள்ளையாக இறங்கியது.

இருபத்தாறு வருடம் தெருமுனையில் நின்று, சோளமாவை மடலில் பொதிந்து அவிக்கும் தமாலே விற்றவள் அவள். மூன்று தளத்தையும் வாடகைக்கு விட்டு இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வண்டியையும் விற்றுப் பணத்தைக் கொட்டினாள். ஏமாறக் கூடாதென்று கொழுந்தன் ஃபிலமோன் கொத்தனாரை முதலில் கூட்டிப்போனாள். அவன் ஊர் வழக்கப்படி அறைக்கு அறை தரையில் கோலி வைத்தான், உருளவில்லை. பழைய கீறலின்மேல் சாந்துப் பட்டை பூசித் தேதி எழுதி ஒரு மாதம் பார்த்தான், பட்டை உடையவில்லை.

"அண்ணி, நம்ம கோயிலே சாஞ்சு நிக்குது. இது தூக்குக்குண்டு பிடிச்ச மாதிரி நிக்குது. கண்ணை மூடிட்டு வாங்குங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினாள். வாசலில் மூன்று படி ஏறி இருவரும் உள்ளே போனார்கள். முன்பு அங்கே ஏழு படி இருந்தது.

இரண்டாம் ஆண்டில் வாசல் தெருவோடு தெருவானது. பத்தாம் ஆண்டு முடிவதற்குள் கீழ்த்தளம் முழுக்கப் புதைந்தது, குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் முப்பது வருடமாகக் குடியிருந்த கடிகாரக்காரர் வென்செஸ்லாவோ மட்டும், பஸ் சத்தம் இல்லாமல் சுகமாக இருக்கிறது என்று விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டார். எர்மெலிந்தா படியிறங்கிப் போய்க் கத்தினாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோலியைக் கேட்டீங்க, சுவத்தைக் கேட்டீங்க. என்னைக் கேக்கலையேம்மா."

அந்த ஆளை அவள் மன்னிக்கவே இல்லை.

இருபத்தோராம் ஆண்டில் மூன்றாம் தளத்து ஜன்னலே வாசலானது. நகராட்சி மூன்று தளத்துக்கும் வரி வாங்கியது. எர்மெலிந்தா பழைய ஆவிப்பானையை எடுத்து, அந்த ஜன்னலில் நின்று மறுபடி தமாலே விற்றாள். எழுபது வயதில் நின்று நின்று பாதம் வீங்கியது.

பிறகு ஒரு இளம் தம்பதி, தெருவுக்கு மேலே தெரிந்த ஒற்றைத் தளத்தை விலைக்குப் பார்க்க வந்தார்கள், கூடவே அவர்களுடைய கொத்தனாரும். கோலி வைத்தார்கள், உருளவில்லை. மனைவி துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை செய்பவள். செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதங்களைக் குளிர்ந்த தரையில் வைத்துச் சிரித்தாள்.

எர்மெலிந்தா அந்தப் பாதங்களைப் பார்த்தாள். வீடு இறங்குவதைச் சொல்லிவிட வாயெடுத்தாள். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டில் இரண்டு தமாலே வைத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

அடுத்த மாதம் பத்திரம் கையெழுத்தானது. வீடு அந்த ஆண்டும் இரண்டு படி இறங்கியது.