கீழே காலி

கணவனின் வெள்ளைச் சட்டைக்கு அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மதியம் ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுப்பார்கள். அவனை இந்தச் சட்டையில்தான் அனுப்ப வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

மாமனார் அறை வாசலில் நின்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே நின்றாலும் ஒரு கை மேலே எதையாவது பிடித்திருக்கும். இப்போது கதவு நிலையை.

“ஒரே ஒரு வார்த்தை குடும்மா. இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்னு.”

“எந்தப் பக்கம் மாமா?”

“மேல.”

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

அவளும் அவனும் ஒரே மைதானத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள். கண்ட்ரோல் டவர் இல்லாத சின்ன மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் வானம் சந்தைக்கடைதான். பயிற்சிக்கு வந்தவர்கள், சும்மா சுற்ற வந்தவர்கள், வயலுக்கு மருந்து தெளிப்பவர்கள், எல்லோரும் தாங்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில் தாங்களே சொல்லிக்கொண்டு இறங்க வேண்டும். அவன் விமானத்துக்கு இறக்கை கீழே. காலடியில் வருவது தெரியாது. அவளுடையதற்கு இறக்கை தலைக்கு மேலே. உச்சியில் எது இருந்தாலும் மறைத்துவிடும்.

“எனக்குக் கீழ தெரியாது, உனக்கு மேல தெரியாது. பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வச்சிருக்காங்க,” என்பான். “கீழே காலி, இறங்குங்க சார்,” என்று ரேடியோவில் அவள் குரல் வந்த பிறகுதான் இறங்குவான்.

நேற்று அவளுக்கு விடுமுறை. அவன் தனியாகப் போயிருந்தான். இறங்கும்போது நேர் கீழே, இறக்கை மேலே உள்ள இன்னொரு விமானமும் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே நொடியில் பேசியதில் ரேடியோவில் வெறும் இரைச்சல்தான் கேட்டதாம். இரண்டும் மோதின. கீழே வந்த விமானத்தின் விமானி கால் உடைந்து அதே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

“நான் போவேன் மாமா. மேல இறக்கை, கீழ இறக்கை, ரெண்டும் ஒண்ணா இறங்கக் கூடாதுன்னு ரூல் போட வைப்பேன். தரையில ஒரு ஆள் நின்னு பார்த்துச் சொல்லணும். அங்க இதுக்குச் சண்டை போட என்னை விட்டா யாரு?”

“அவனைத் தூக்கிக் குடுத்தது போதாதா? உனக்கும் அதே பைத்தியம்.”

“அந்தப் பைத்தியத்தைப் பார்த்துத்தானே உங்க வீட்டுக்கே வந்தேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. போய்க் காரில் உட்கார்ந்தார்.

சட்டையைப் பின்சீட்டில் மடிப்பு கலையாமல் வைத்துவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள். சந்து முழுக்கத் துக்கத்துக்கு வந்தவர்களின் வண்டிகள். பின்னால்தான் எடுக்க வேண்டும். கண்ணாடியில் பாதிதான் தெரிந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

மாமனார் கதவைத் திறந்து இறங்கினார். வண்டிக்குப் பின்னால் போனார். எங்கே நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“வா... வா... லேசா ஒடி... பின்னாடி ஒண்ணும் இல்ல, வாம்மா... ரைட்!”

வண்டியின் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.