சிவநேசன் சேர்த்த வரி

அரிசி களைந்துகொண்டிருந்தபோது என் கணவர் சிவநேசனின் செய்தி கைப்பேசியில் வந்தது. "ஏறிடுச்சு. கிளம்பிட்டேன்." அவர் இறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

போர்ட் கிள்ளானில் ஒரு லோரி நிறுவனத்துக்கு அவர் செயலி எழுதினார். எந்தக் கண்டெய்னரை எந்த வாசலில் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று அது டிரைவர்களுக்குச் சொல்லும். திருத்திய நிரலை, நிரல்கள் சேமிக்கும் இணையக் களஞ்சியத்தில் போட்டால் போதும், அது உடனே சர்வருக்குத் தகவல் அனுப்பும். சர்வர் புதியதை எடுத்துச் சோதித்து, தானே ஓட்டத் தொடங்கும். யாரும் கையால் தொடக்கூடாது என்பது அவர் பிடிவாதம். அந்த வேலைகளின் கடைசியில் எனக்கென்று ஒரு வரி சேர்த்திருந்தார். புதியது ஏறிவிட்டால் இந்தச் செய்தி. ஏறாவிட்டால், "ஏறல. நீ சாப்பிடு." அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வர கொம்யூட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் செய்தி வந்தால் இரண்டு பேருக்கு அரிசி போடுவேன். இரண்டாவது வந்தால் கோபத்தோடு தனியாகச் சாப்பிடுவேன்.

அவருடைய வேலையை இப்போது பார்த்துக்கொள்ளும் தனேஷை அழைத்தேன்.

"சோரி அக்கா. நான்தான் ஒரு திருத்தம் போட்டேன். உங்க நம்பர் அதுல இருக்கிறது தெரியாது. எடுத்துரவா?"

"இருக்கட்டும்" என்றேன்.

வாரத்துக்கு மூன்று முறை அவர் கிளம்பினார். ஒவ்வொரு முறையும் என் கை இரண்டு குவளை அளந்தது. மீந்த சோற்றை மறுநாள் நெத்திலி போட்டுக் கிளறிச் சாப்பிட்டேன். ஒரு காலையில் பார்த்தேன், கதவுச் சங்கிலியைப் போடாமலே படுத்திருக்கிறேன். பயமாக இருந்தது. மறுபடி தனேஷை அழைத்தேன்.

"எடுத்துரு, தம்பி."

"சரிக்கா. ஆனா எடுக்கிறதையும் ஏத்தணும்ல. கடைசியா ஒரு தடவை வரும்."

"கிளம்பிட்டேன்னா?"

"ஆமாக்கா."

"ஏறாம பண்ண முடியுமா?"

"வேணும்னேவா?" சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "சோதனையில விழ வச்சா பழசே ஓடும், லோரிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த வரியும் போகாது. அப்புறம் நான் சர்வருக்குள்ள போய்க் கையாலதான் எடுக்கணும். அண்ணே இருந்தா ஏசுவாரு லா."

"ஏசட்டும்."

அன்று மாலை அரிசி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்தரைக்கு வந்தது. "ஏறல. நீ சாப்பிடு."

ஒரு குவளை அளந்தேன். அதைக் களையும்போது லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றது. செருப்புச் சத்தம் ஒன்று கதவைத் தாண்டிப் போனது. தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. நான் களைந்துகொண்டே இருந்தேன்.