வலப்பக்கம் திரும்பாத கதை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது இல்லை. அக்காவின் மினிவேனில், கடைசி இருக்கையில், முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தபோது இது என்மேல் வந்து விழுந்தது.

நான் எழுத்தாளன். அதாவது, இரண்டு புத்தகம் போட்டவன். இரண்டையும் அக்கா வாங்கினாள், ஒன்றைப் படித்தாள். அவள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். பிள்ளைகள் ஏழு பேர். வேன் வாங்கிப் பதினாலு மாதம்.

அன்று என் ஸ்கூட்டர் மக்கர் பண்ணியதால் அவளோடு தொற்றிக்கொண்டேன். பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். நாற்பது நிமிஷம் ஆகியும் போய்ச் சேரவில்லை. ஒரே தண்ணீர்த் தொட்டியை மூன்று பக்கத்திலிருந்தும் தரிசித்துவிட்டேன்.

"அக்கா, வழி தப்பிட்டியா?"

"வாயை மூடிட்டு வாடா."

எனக்கு முன் வரிசையில் இருந்த குட்டிப்பெண் திரும்பிப் பார்த்தாள். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று கணக்கு வைப்பவள் அவள்தான். அதனால் எல்லோருக்கும் அவள் 'கண்டக்டர்'.

"மாமா, எங்க வேன் ரைட்டுல திரும்பாது. லெஃப்டு மட்டும்தான். அதான் ரூல்."

அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒரு மாபெரும்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேன். மாபெரும் என்ன என்று இன்றுவரை தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

2

விஷயம் இதுதான். வேன் கொஞ்ச நேரம் ஓடிச் சூடான பிறகு, வலது பக்கம் ஒடித்தால், மூன்று தடவையில் ஒரு தடவை ஸ்டியரிங் இறுகிப்போகிறது. "கருங்கல்லைப் பிடிச்ச மாதிரி" என்றாள் அக்கா. ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல இளகிவிடும். அந்த ஒன்றரை நொடியில் வேன் நேராகப் போகும்; சாலை திரும்பிவிடும்.

(இந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. படித்துக் காட்டினேன். "சாலை எங்கடா திரும்பும், அது பாட்டுக்கு அங்கேயேதான் கிடக்கும்" என்றாள். இருந்தாலும் விட்டுவைத்திருக்கிறேன்.)

ஸ்டியரிங் என்பது மனித வாழ்க்கையின் குறியீடு என்று அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அதையும் படித்தாள். "ஸ்டியரிங்னா ஸ்டியரிங்தான். திரும்பணும். வேற ஒண்ணும் அது பண்ண வேணாம்." அரைப்பக்கம் போயிற்று.

மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்தாள். மூன்று முறையும் 'குறை ஏதும் இல்லை' என்று தாள் வந்தது. குறை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் பழுது பார்ப்பார்கள். பழுது தீரும்வரை ஓட்ட மாற்று வண்டியும் தருவார்கள்.

அதனால் கண்டக்டரின் டிராயிங் நோட்டில் கடைசித் தாளைக் கிழித்து, அக்கா ஒரு வரைபடம் போட்டாள். அதை எனக்குக் காட்டினாள். ஏழு வீட்டு வாசல், ஒரு பள்ளி, ஒரு வலது திருப்பம்கூடக் கிடையாது. வலது பக்கம் போகவேண்டிய இடத்திலெல்லாம் மூன்று முறை இடது பக்கம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். தெருக்கள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, தாளில் ஏழு நத்தை ஓடுகளை வைத்த மாதிரி இருந்தது. ஆறு கிலோமீட்டர் பதினொன்றாகியிருந்தது. மூன்று மாதமாக ஒரு நாள்கூட மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்ததில்லை.

என் நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் செத்த ஆள் எட்டாம் அத்தியாயத்தில் கடிதம் போட்டிருப்பார். இவளோ ஒரு ஊரையே ஒரே பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாள்.

"திங்கக்கிழமை இந்தத் தெருவைத் தோண்டுறாங்க" என்று ஒரு நத்தையின் வாயில் விரலை வைத்தாள். "குழாய் பதிக்க. இது போச்சுன்னா லாரி வர்ற சந்திப்புல ஒரே ஒரு ரைட்டு எடுத்துத்தான் ஆகணும்."

"ஒண்ணுதானேக்கா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க எனக்குத் தகுதியில்லை.

3

இந்த இடத்தில் ஒரு விபத்து இருந்தது. மூன்று பக்கம். நானே சொல்லக்கூடாது, அருமையாக வந்திருந்தது: மழை, லாரி, மெதுவாக உருண்டு ஓடும் ஒரு தண்ணீர் பாட்டில்.

அக்கா நிதானமாகப் படித்தாள்.

"எந்தப் பிள்ளைடா?"

"என்னது?"

"இதுல அடிபடுறது. எந்தப் பிள்ளை? கண்டக்டரா?"

"பேரே போடலையேக்கா. கதைன்னா ஒரு விபத்து வேணும். இல்லேன்னா படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க."

"சர்வீஸ்ல டை கட்டினவனும் இதையேதான்டா சொல்றான்."

மூன்று பக்கத்தையும் கிழித்தேன். மூன்றாம் பகுதி அதனால்தான் இவ்வளவு சின்னது.

4

சனிக்கிழமை காலை. சர்வீஸ் சென்டருக்கு என்னையும் கூப்பிட்டாள். என் புத்தகத்துக்குப் புரூஃப் பார்க்க வேண்டும் என்றேன். ஆகவே இனி வருவது அவள் சொன்னது. காற்புள்ளி மட்டும் என்னுடையது.

வரவேற்பறையில் உட்கார்ந்தால் எழ முடியாத சோபா. சுவரில் ஆளுயர எழுத்தில் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் சுவாசம்'. அந்தச் சுவாசத்துக்குக் கீழே அவள் ஒன்றரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதே வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. 'ரைட்டுல இறுகுதா யாருக்காவது?' என்று முந்தாநாள் கேட்டு வைத்திருந்தாள். நூற்றுப் பதினாலு பதில். முக்கால்வாசி ஒரே வரி: 'எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்.' ஒருவர் தோள்பட்டைக்கு டாக்டரைப் பார்த்திருக்கிறார். ஒருவர் வயசாகிவிட்டது என்று சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். மகன் அப்பாவுக்குத் தெரியாமல் ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் தங்களையே ரிப்பேருக்கு விட்டிருந்தார்கள். நூற்றுப் பதினாலு பேர், தனித்தனியாக, ஒரே பயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

மேலாளர் வந்தார். டை நேராக இருந்தது.

"மேடம், நாற்பத்திரண்டு அம்சப் பரிசோதனை. நாற்பத்திரண்டிலேயும் பாஸ்."

"நாலாவது தடவையா பாஸ்."

"சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே! சரி, ஏதாவது சம்பவம் நடந்திருக்கா?"

"நடக்கலை."

"அப்புறம் என்ன மேடம்?"

"நடக்காதது வண்டியால இல்லை சார். நான் ஓட்டுறதால."

அவர் புன்னகைத்தார். (புன்னகை நாற்பத்திரண்டில் ஒன்றா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் அங்கே இல்லை.) அக்கா, வண்டியை ஓட்டிப் பார்த்தவரைக் கூப்பிடச் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அங்கே எல்லோரும் அவரை 'ரவுண்டு' என்கிறார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் அக்கா அதுவரை நினைத்திருந்தாள்.

"அண்ணே, எந்த வழியா ஓட்டிப் பார்த்தீங்க?"

"எப்பவும் போற வழிதாம்மா. கேட்டுல லெஃப்டு, பங்க்ல லெஃப்டு, கிடங்குத் தெரு லெஃப்டு, இன்னொரு லெஃப்டு. நம்ம கேட்டு வந்துரும்."

"ரைட்டு?"

"ரைட்டு எதுக்கும்மா? எதிர்ல வர்ற வண்டிக்கெல்லாம் நிக்கணும், நேரம் போயிரும்."

"எத்தனை வருஷமா இப்படி?"

"ஒன்பது" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. பெரிய மலைக்கு முன்னால் போய் நின்ற மாதிரி இருந்ததாம். ஒன்பது வருஷம். அந்தக் கேட்டைத் தாண்டிய ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஒன்றைக்கூட யாரும் வலது பக்கம் திருப்பிப் பார்த்ததில்லை. அவள் பயந்து பயந்து கண்டுபிடித்த வழி. இவர்கள் அதே வழியில் சோம்பலில் ஓட்டி, முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

"சார், ஒரே ஒரு ரைட்டு. நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு மேடம்?"

"கையெழுத்து உங்களோடதுதானே."

5

ரவுண்டு ஓட்டினார். அக்கா பக்கத்தில். மேலாளர் நடு வரிசையில், கண்டக்டரின் இடத்தில், முயல் ஸ்டிக்கருக்குக் கீழே, மடியில் தாளும் பேனாவுமாக. வண்டி சூடாக இருபது நிமிஷம் சுற்றினார்கள், பழக்க தோஷத்தில் இடது பக்கமாகவே. அப்புறம் கிடங்குத் தெரு. சனிக்கிழமை, எல்லாம் பூட்டிக் கிடந்தது. ஓர் ஆள் இல்லை. தெரு முடிகிற இடத்தில் எதிரே சுவர். இடது பக்கம் ஒரு வழி, வலது பக்கம் ஒரு வழி.

இங்கே மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ) ஸ்டியரிங் இறுகுகிறது. அக்கா ஜெயிக்கிறாள். ஆனால் அதற்கு அந்தச் சுவரை நோக்கி நான் மூன்று பேரை அனுப்ப வேண்டும். கிழித்த மூன்று பக்கத்தை வேறு சட்டை போட்டு அழைத்துவருவது அது.

ஆ) இறுகவில்லை. மூன்றில் இரண்டு தடவை இறுகாதுதானே. மேலாளர் ஐந்தாம் முறையாகப் பாஸ் போடுகிறார். திங்கட்கிழமை வருகிறது.

இ) நடந்தது. இதைக் கற்பனை பண்ண எனக்குத் துணிச்சல் போதாது.

ரவுண்டு வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டார். டிக், டிக். சுவர் கிட்ட வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்: "வேணாம். நிறுத்துப்பா. நிறுத்து!"

வண்டி நின்றது. அக்கா திரும்பிப் பார்த்தாள். பேனா கீழே கிடந்தது. மேலாளரின் இரண்டு கையும் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்திருந்தன, விரல் வெளுக்க. அதே கம்பியைத் தினமும் ஒரு சின்னக் கை பிடித்துக்கொண்டு வரும். நாற்பத்திரண்டு அம்சத்துக்கும் தெரியாத ஒன்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. டைக்குள் இருந்த மனிதரை அக்கா அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்ததாகச் சொன்னாள்.

"ஏன் சார்?" குரலை உயர்த்தவில்லை. "குறை இல்லாத வண்டிதானே. திருப்பச் சொல்லுங்க."

அவர் குனிந்து பேனாவை எடுத்தார். தாளை மடியில் நேராக்கினார். 'குறை' என்ற கட்டம் காலியாக இருந்தது.

என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். அக்கா சொன்னாள். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால், ஓ அப்படியா என்று மூடி வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். நானும் அப்படிப் போனவன்தான். அவள் சொன்னதை முழுசாக நம்பியும், அன்றைக்குப் புரூஃப் பார்க்கிறேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவன்.

வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. இண்டிகேட்டர் அடித்துக்கொண்டிருக்கிறது, வலது பக்கம். பின்னால் ஏழு இடத்தில் ஒன்றில்தான் ஆள் இருக்கிறது.

ஏறிக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று அவருக்குச் சொல்லுங்கள்.