மஞ்சள் போட்ட வால்

கரியமாணிக்கத்து ராஜ்மோகனுக்குக் கரும்பு நன்றாக வரும், மீன்தான் வராது. தூண்டில் கம்பு வாங்கி ஆறு மாதமாகிறது. ஞாயிறுதோறும் பனித்திட்டுக் கடற்கரையில் கால் கடுக்க நின்றுவிட்டு, மீன்காரி அமிர்தத்திடம் ஒரு மீனை வாங்கிவந்து, "நானே புடிச்சேன்" என்று மனைவி கல்பனாவிடம் நீட்டுவான். முதல் தடவை விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் முகம் மலர்ந்ததும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த லட்சணத்தில் மாமியார் வீட்டில் அவனுக்கு மீன்பிடி வீரன் என்று பெயர் வேறு. ஒரே ஒரு மீனையாவது நிஜமாகப் பிடித்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் மான் வாலை உப்பில் பதப்படுத்தி, சாயம் தோய்த்து, அந்த முடியைத் தூண்டில் முள்ளில் கட்டி வீசினார். மீன் ஓடிவந்து கவ்வியது. மான் வாலைத் தொட்டால் வனத்துறை இவனைக் கவ்விவிடும். ஆகவே கறிக்கடை பலராமனிடம் போய் வெள்ளாட்டு வால் கேட்டான்.

"சூப்பு வைக்கவாண்ணே?"

"மீன் புடிக்கடா."

பலராமன் வெள்ளை வாலாக ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

எலும்பை உருவி, கொழுப்பைச் சுரண்டி, உப்பைத் தேய்த்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வருஷா வருஷம் உப்புக்கண்டம் போட்டுப் பழகிய கை. உப்பைத் தொட்டதும் மஞ்சள்தூள் டப்பாவைத் தேடியது. நன்றாகப் பிசைந்து மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்ட பிறகுதான், இது குழம்புக்கு அல்ல என்று உறைத்தது. தன் தலைக்குக்கூடப் போடாத அளவு ஷாம்பு போட்டு அலசினான். மஞ்சள் போவேனா என்றது.

வினிகர் விட்ட வெந்நீரில் நீலச் சாயம் கரைத்து முக்கினான். வால் பச்சைப்பசேலென்று வெளியே வந்தது.

"இன்னாங்க, கிளி இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றாள் கல்பனா.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பச்சை முடியைக் கட்டி வீசினான். மூன்றாவது வீச்சில் கம்பு வளைந்தது. ஒரு முழம்கூட இல்லாத கொடுவா. ராஜ்மோகன் அழுதேவிட்டான். நாற்பத்து மூன்று வயது ஆள் மீனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுவதைக் கண்டு, வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார்கள். அமிர்தம் கூப்பிட்டும் நிற்காமல் வண்டியை விரட்டினான்.

"கல்பனா! நான் புடிச்சேன்!"

அவள் மீனைப் புரட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, செதிலோட இருக்குது? கொடலுகூட எடுக்கல. வாராவாரம் அமிர்தம் நல்லாத்தான ஆஞ்சி குடுப்பா?"

"உனக்கு... தெரியுமா?"

"கடல்லேருந்து மீனு ஆஞ்சி கழுவியா வரும்? சந்தோஷமா சொல்றீங்களேன்னு வுட்டுட்டேன்."

"இது நெசமாவே நான் புடிச்சது. சத்தியமா, கல்பனா."

"ஆமாங்க, நீங்கதான் புடிச்சீங்க" என்றாள் அவள். ஆறு மாதமாகச் சொல்லிவந்த அதே குரலில், அதே சிரிப்போடு சொல்லிவிட்டு, குழம்புக்குப் புளி ஊறவைக்கப் போனாள்.