ஏசுதாஸ் கூட்டிய கூட்டம்

அப்பாவின் வலது கட்டைவிரலை ஐந்தாவது தடவையாகத் துண்டால் துடைத்து, போனின் மேல் வைத்து அழுத்தினாள் ஜாக்குலின். போன் ஒருமுறை அதிர்ந்துவிட்டு, மறுபடியும் முயலச் சொன்னது.

"இன்னும் கொஞ்சம் அமுக்குக்கா," என்றான் தம்பி ஸ்டான்லி.

"அமுக்கிகினுதாண்டா கீறேன்."

"எடது கைய வெச்சிப் பாரேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா ஹெலன் தலையைத் தூக்கினாள். "உசுரோட இருந்தப்பவே அந்த போனு அவரு பேச்ச கேக்காது. இப்ப கேட்டுடப் போவுதா? வுடுங்க அந்த மனுசன் கைய."

ஜாக்குலின் விட்டாள். கை பெஞ்சின் மேல் பழையபடி படுத்துக்கொண்டது. ஏசுதாஸ் காலை ஐந்தரைக்கு டீ வாங்கினார், சர்க்கரை பத்தவில்லை என்றார், நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான். சர்க்கரை டப்பாவோடு ஹெலன் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அறுபத்து மூன்று வயது. சனிக்கிழமை.

சனிக்கிழமையாக இருந்ததுதான் சிக்கல். அன்று மாலை நாலு மணிக்கு மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடற்கரையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில், 'லெவல் கிராசிங்' என்ற ராக் பேண்டின் முதல் லைவ் ஆல்பம் பதிவாக இருந்தது. ஸ்டான்லி கிட்டாரும் பாட்டும், ஜாக்குலின் டிரம்ஸ், திருக்கழுக்குன்றத்து ஹரிஹரன் பேஸ் கிட்டார். பார்வையாளர்களாக நூற்று நாற்பது பேர் இரண்டு மணிக்கு மூன்று வேன்களில் கிளம்புவார்கள். அவர்கள் யார், எந்த ஊர், யாருடைய நம்பர் எது என்பதெல்லாம் அந்த போனுக்குள் இருந்தது. வர வேண்டாம் என்று சொல்வதற்கு வழியில்லை.

கூட்டம் சேர்ப்பதுதான் ஏசுதாஸின் தொழில். செங்கல்பட்டு வட்டாரத்தில் எந்தக் கட்சி மேடை போட்டாலும் எதிரே உட்கார்கிறவர்கள் அவர் கொண்டுவந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவருக்குக் கட்சி பேதம் கிடையாது. அதற்காகவே எந்தக் கட்சிக்கும் சேராத நிறமாகத் தேடிக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துண்டு வைத்திருந்தார். மேடையில் பேச்சு முடிந்தால் கூட்டம் கைதட்ட ஆரம்பிக்க வேண்டும். பின்னால் டீ கேன் பக்கத்தில் நிற்கும் ஏசுதாஸ் துண்டை எடுத்து ஓங்கி ஒரு உதறு உதறுவார். அப்போதுதான் நிறுத்த வேண்டும். அதற்கு முன் தானாக நிறுத்தியவருக்கு அடுத்த கூட்டத்தில் இடமில்லை. முப்பது வருஷத்தில் அவருடைய கைதட்டல் ஒருநாளும் பிசிறடித்ததில்லை என்பதில் மனுஷருக்கு அப்படி ஒரு கர்வம்.

பிள்ளைகளின் பாட்டு மேல் அவருக்கு அபிப்பிராயமே இல்லை. அவர்கள் பயிற்சியை ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வேன் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். பேண்டின் பெயரைக் கேட்டபோது மட்டும் ஒன்று சொன்னார். "லெவல் கிராசிங்கா? கேட்டு தொறந்தா எல்லாம் போய்டுவான்டா."

அப்படித்தான் ஆனது. போன வருஷம் பொத்தேரியில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் லைவ் ஆல்பத்துக்கு முதல் முயற்சி நடந்தது. வந்தவர்கள் பதினோரு பேர். அதில் மூன்று பேர் பரோட்டா பார்சலுக்குக் காத்திருந்தவர்கள். பார்சல் வந்ததும் அவர்களும் போய்விட்டார்கள். பதிவைக் கேட்டால் பாட்டு இடி மாதிரி இருந்தது, கைதட்டல் கடுகு தாளித்த மாதிரி இருந்தது. அந்தக் கடுகு சத்தம் தற்செயலாக ஏசுதாஸின் காதில் விழுந்துவிட்டது.

"பாட்டு கீட்டு எனக்குத் தெர்யாது," என்றார். "ஆனா இது கைதட்டு இல்ல. கூட்டம்தானே ஓணும்? நான் இட்டாறேன்."

ஸ்டான்லி குதித்தான். ஜாக்குலினுக்கு மட்டும் வேறொன்று வேண்டியிருந்தது. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போட்டுவிட்டு வந்து பத்து வருஷமாக டிரம்ஸ் அடிக்கிறாள். ஒருநாள்கூட நைனா கேட்டதில்லை. கேட்டே கேட்டுவிட்டாள்.

"நைனா, அன்னிக்கு ஒரு நாளாவது நீ முன்னாடி வந்து குந்து. மொத வரிசையில."

"நான் முன்னாடி குந்திகினா, பின்னாடி எவன் துண்ட ஒதர்றது?" என்று கேட்டுவிட்டு அவர் வேன் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்துவிட்டது. ஜாக்குலினுக்கு அப்பா போனதை நினைத்து அழுகை வந்தது. அழுகைக்கு நடுவிலேயே ஆல்பம் போனதே என்ற நினைப்பும் வந்தது. அது வந்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதாள்.

அடக்கம் அன்றைக்கே மாலை நாலரைக்கு என்று முடிவானது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்ட அத்தையிடம் ஹெலன், "அந்த மனுசன் எந்தக் கூட்டத்துலயும் மறுநாளு வரைக்கும் இருந்ததில்ல," என்று சொல்லிவிட்டாள். வாசலில் ஷாமியானா போட்டார்கள். முப்பது உறவினர்கள் வந்தார்கள். நூறு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஜாக்குலினுக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கெல்லாம் கூட்டம் சேர்த்தவருக்கு முப்பது பேரா என்று நினைத்தாள். ஸ்டான்லியையும் ஹரிஹரனையும் மண்டபத்துக்கு அனுப்பி, வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாள்.

மூன்றே முக்காலுக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்டது. மூன்று வேன், பின்னால் ஒரு குட்டி லாரி. முதல் வேனின் படியில் தொங்கிக்கொண்டு ஸ்டான்லி வந்தான்.

"திருப்பி அனுப்பச் சொன்னேன்ல?"

"சொன்னேங்க்கா. அண்ணாத்த இல்லன்னு சொன்னதும் எல்லாம் ஓன்னு அழுதுகினே திரும்ப வண்டில ஏறிட்டாங்க. எனக்குத்தான் குந்த எடம் இல்ல."

லாரியிலிருந்து ஒலிப்பதிவாளர் ராகவன் இறங்கினான். படூரிலிருந்து வந்தவன். சவுண்ட் மிக்சரைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தான். பின்னால் டிரம்ஸும் பன்னிரண்டு மைக்கும் இருந்தன. "மண்டபத்த பூட்டிட்டாங்க ஜாக்குலின். இதையெல்லாம் வெச்சிட்டு நான் மட்டும் அங்க என்ன பண்றது?" என்றவன், பிறகுதான் ஞாபகம் வந்தவனாக, "சாரி," என்றான்.

கூட்டம் இறங்கியது. கச்சேரி என்று சொல்லப்பட்டிருந்ததால் பெண்கள் பளபள சேலைகளில் இருந்தார்கள். இளைஞர்கள் சிலர் கூலிங்கிளாஸோடு வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்களுக்குத் தலைவியான வேண்டா என்பவள், தலையிலிருந்த பூவை எடுத்து வேன் கண்ணாடியில் மாட்டிவிட்டு வந்து, ஏசுதாஸைக் கிடத்தியிருந்த பெட்டியருகே நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் திரும்பி, "லேடீஸ் லெப்ட்டு, ஜென்ட்ஸ் ரைட்டு, நடுவுல வழி வுடுங்க," என்றாள். இரண்டு நிமிஷத்தில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் எப்படியோ கடைசி வரிசைக்குப் போயிருந்தார்கள்.

போதகர் தாவீது ஜெபத்தோடு ஆரம்பித்தார். சபையிலிருந்து வந்த நான்கு பேர் ஒரு கீர்த்தனை பாடினார்கள். ஆளுக்கொரு சுருதியில் நான்கு சரணமும் பாடி ஒருவழியாக முடித்தார்கள்.

நூற்று நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

ஒரே சத்தம், ஒருவர் முந்தாமல் ஒருவர் பிந்தாமல் எழுந்த சத்தம். மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பின. பாடிய நால்வரில் ஒருவர் பழக்கதோஷத்தில் கும்பிட்டுவிட்டார். இருபத்தெட்டு வருஷ ஊழியத்தில் இப்படி ஒன்றைப் பார்த்திராத போதகர், அடுத்து வாசிக்க வேண்டிய வசனத்தைத் தொலைத்துவிட்டு நின்றார். வியர்வையைத் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மடிப்பு விரிய ஒரு உதறு உதறினார்.

கைதட்டல் வெட்டினாற்போல் நின்றது.

போதகர் கைக்குட்டையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஜாக்குலினுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து அத்தை முதுகைத் தடவிக் கொடுத்தாள். விரல் இடுக்கு வழியாகப் பார்த்தால், எதிரே அம்மாவும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது, சாவு வூட்ல கை தட்டறீங்க?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சீறினார்கள்.

வேண்டா எழுந்து நின்றாள். "அண்ணாத்த எங்கள கூப்ட்டு வெச்சி நேத்து சாயங்காலம்தான் சொன்னாரு. 'எம் புள்ளைங்க பாட்டு. பாட்டு முடிஞ்சதும் தட்டணும், கை வலிச்சாலும் நிறுத்தாதீங்க'ன்னாரு. அவரு வார்த்தைய நேத்து வரைக்கும் மீறல. இன்னிக்கு மீறச் சொல்றியா?"

ஹெலன் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். 'எம் புள்ளைங்க பாட்டு' என்று அவர் சொன்னார் என்பதை இப்போதுதான் அவளும் கேட்கிறாள்.

"பாஸ்டரு, நீங்க ஆராதனைய முடிங்க," என்றாள். "பொட்டி மூடறதுக்கு முந்தி புள்ளைங்க ஒரு பாட்டு போடட்டும்."

"அம்மா, அது... ராக்கு..."

"அவரு கடைசியா கூட்டின கூட்டம். இன்னொரு தபா கூடப் போறதில்ல."

போதகர் நல்ல மனுஷர். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "ஒரே பாட்டு. சத்தம் கம்மியா இருக்கணும்," என்றார்.

"கம்மியாத்தான் பாஸ்டர்," என்றாள் ஜாக்குலின். பத்து வருஷத்தில் அவள் ஒருதடவைகூடக் கம்மியாக அடித்ததில்லை.

ராகவன் தயங்கித் தயங்கி ஹெலனிடம் வந்தான். "ஆன்ட்டி, ரெக்கார்ட் பண்ணலாமா?"

"பின்ன இன்னாத்துக்குப்பா அத்தினி மைக்கு?"

ஆராதனை முடிந்தது. பெட்டிக்கு எதிரே டிரம்ஸ் ஏறியது. ஷாமியானாக் கம்புகளில் மைக்குகளைக் கட்டினார்கள். ஜெனரேட்டர் உறுமியது. இதற்கிடையில் ஹெலன் அந்தக் கத்தரிப்பூத் துண்டை எடுத்துக் கணவன் தோளில் போட்டுவிட்டாள். அது இல்லாவிட்டால் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது என்றாள்.

ஜாக்குலின் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது உறைத்தது. பெட்டிக்குள்ளிருந்து அப்பாவின் மூக்கு நுனியும் துண்டும் தெரிந்தன. பெட்டிக்குப் பின்னால்தான் வேண்டா, மற்ற எல்லாரும். நைனா மொத வரிசையில இருந்தார்.

பாட்டு ரயில்வே கேட்டில் நிற்கும் ஒருவனைப் பற்றியது. ரயிலும் வராது, கேட்டும் திறக்காது, அவன் கையிலிருக்கும் பால் மட்டும் திரிந்துபோகும். உண்மையைச் சொன்னால் அவர்கள் அதை அன்றைக்கு நன்றாக வாசிக்கவில்லை. ஹரிஹரன் தப்பான இடத்தில் நுழைந்தான். இரண்டாம் சரணத்தில் ஸ்டான்லியின் குரல் உடைந்து நான்கு வரி காணாமல் போனது. ஜாக்குலின் வேகத்தை எங்கேயோ ஏற்றி, இறக்கத் தெரியாமல் அப்படியே ஓடினாள். கண்ணீர் கண்ணை மறைத்தது, பெட்டியின் பூவெல்லாம் அதிர்ந்தது. போதகரின் செருப்பு தாளம் போட்டது. அதை அவர் கவனிக்கவில்லை.

கடைசி அடி விழுந்தது. அதிர்ந்துகொண்டிருந்த சிம்பல் தட்டைக் கையால் பிடித்துச் சத்தத்தை அணைத்தாள்.

கைதட்டல் எழுந்தது. கீர்த்தனைக்கு வந்தது வெறும் ஒத்திகைதான் என்று இப்போது தெரிந்தது. விசில் பறந்தது. வேண்டா அழுதுகொண்டே தட்டினாள். கூலிங்கிளாஸ் பையன்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கடைசி வரிசைச் சொந்தக்காரர்களும், கைதட்டாதே என்று சீறியவர் உட்பட, தட்டினார்கள்.

ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. யாரும் நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே ஒவ்வொருவராகக் கழுத்தைத் திருப்பி, பின்னால் டீ கேன் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். அங்கே கேன் மட்டும் இருந்தது.

போதகர் கைக்குட்டையை எடுத்து உதறிப் பார்த்தார். இந்தத் தடவை அது செல்லுபடியாகவில்லை.

ஜாக்குலினுக்குப் புரிந்தது. எழுந்து பெட்டியருகே போனாள். குனிந்து, அப்பாவின் தலையை லேசாகத் தூக்கி, தோளிலிருந்த துண்டை உருவி எடுத்தாள். நூற்று நாற்பது ஜோடிக் கண்கள் அந்தத் துண்டின் மேல் வந்து நின்றன. உள்ளங்கை சிவந்துபோன வேண்டா, உதறு என்பதுபோல் தலையை ஆட்டினாள். மிக்சருக்குப் பின்னாலிருந்து ராகவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, போதும், போதும் என்று சைகை காட்டினான். நாலரை தாண்டிவிட்டது. பெட்டியைத் தூக்க நான்கு பேர் தயாராக நின்றார்கள்.

ஜாக்குலின் துண்டோடு திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். துண்டை நான்காக மடித்தாள். மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.